புது போன் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டிக்கொடுத்து வாங்கிய போன். முதல் வாரத்திலேயே “சார்ஜ் நிற்கவில்லை”, “விரல் வைத்தால் திறக்கவில்லை”, “ஜிபே போகவில்லை” என்று புலம்பல் ஆரம்பித்துவிடும். அப்படிப் புலம்புகிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால், முக்கால்வாசி நேரம் பழுது போனுக்குள் இருக்காது. மேலே ஒட்டிய கண்ணாடியில் இருக்கும், வீட்டில் கிடந்த பழைய சார்ஜரில் இருக்கும், சிம்மில் இருக்கும், பழைய போனிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த ஆப்களில் இருக்கும். மிச்சம் கொஞ்சம்தான் நிஜமான பழுது. கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அந்த மிச்சத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும்; ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஒரு வாரம்தான் கெடு. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் வெளியே உள்ளதைச் சோதித்து, அப்புறம் செட்டிங்ஸுக்குள் போய், கடைசியாகத்தான் போனைச் சந்தேகப்பட வேண்டும். கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

மெனுப் பெயர்களை சாம்சங் கேலக்சி எஸ்24 அல்ட்ராவை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 14, அதன் மேல் சாம்சங் போர்த்தும் மென்பொருளான ஒன் யுஐ 6.1 உடன் வந்தது. ஏழு வருடம் அப்டேட் உண்டு என்பதால் இன்னும் ரொம்ப நாள் பலர் கையில் இருக்கும். பிக்சல், ஒன்பிளஸ், விவோ வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் பெரும்பாலும் இவையேதான், மெனு இருக்கும் இடம்தான் வேறு. சாம்சங்கே அப்டேட்டுக்கு அப்டேட் இடத்தை மாற்றிவிடுகிறது. தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸ் மேலே உள்ள பூதக்கண்ணாடியைத் தட்டிப் பெயரை அடித்தால் நேராகப் போய்விடலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கவரைக் கழற்றுங்கள், ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்டேட் நிலுவையில் இருந்தால் முடித்துவிடுங்கள். திரை உறைந்துபோய் எதற்கும் அசையவில்லை என்றால், வால்யூம் குறைக்கும் பட்டனையும் பக்கவாட்டுப் பட்டனையும் சேர்த்துப் பத்து நொடி போல அழுத்திப் பிடியுங்கள். போன் தானாக அணைந்து எழும். சேமித்து வைத்த எதுவும் அழியாது.

மதியத்துக்கே சார்ஜ் காலி, போனும் சூடு

வாங்கி இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். பழைய போனில் இருந்த எல்லாவற்றையும் ஸ்மார்ட் ஸ்விட்ச் என்ற சாம்சங்கின் இடமாற்ற ஆப் வழியாகக் கொண்டுவந்திருப்பீர்கள். இப்போது உள்ளே வேலை நடக்கிறது. கேலரி ஆயிரக்கணக்கான படங்களில் முகம் தேடிக்கொண்டிருக்கும். கூகுள் போட்டோஸ் எது ஏற்கெனவே மேலே இருக்கிறது என்று ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் பேக்கப்பிலிருந்து வீடியோக்களை இறக்கிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் இந்த சிப்புக்குத் தக்கபடி தொகுத்து வைக்கும். இவற்றில் பல வேலைகள் போன் சார்ஜில் சும்மா கிடக்கும்போதுதான் நடக்கும். ஆகவே முதல் சில இரவுகள் வைஃபையை ஆன் செய்து, சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஒரு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்துக்குப் போய், எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அரை மணி நேரம்கூடத் திறக்காத ஆப் மேலே உட்கார்ந்திருந்தால் திருடன் அகப்பட்டான். அதைத் தட்டி, பேக்கிரவுண்ட் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள். பட்டியல் நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சார்ஜ் கரைகிறது என்றால் சிக்னலைச் சந்தேகப்படுங்கள். 5ஜி பலவீனமாக உள்ள வீட்டில், போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். சிக்னலைப் பிடிக்கும் மோடத்துக்கு ஓய்வே இருக்காது. கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், நெட்வொர்க் மோட் என்று போய் ஒரு நாள் மட்டும் எல்டிஇயில், அதாவது 4ஜியில், வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் காரணம் அதுதான். திரையை 120 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு இறக்கினாலும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அதற்காகவா இத்தனை விலை கொடுத்து வாங்கினோம்?

சூட்டைப் பற்றி ஒரு விஷயம். சாம்சங் தன் போன்களுக்குச் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 தாண்டும். காரின் டேஷ்போர்டில் மாட்டி, மேப்ஸை ஓடவிட்டு, சார்ஜும் போட்டால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கேமரா ஃபிளாஷ் எரிய மறுக்கும். இதெல்லாம் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஹோல்டர் வாங்குங்கள். குளிரட்டும் என்று ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

நிஜமான பழுதா என்று தெரிய ஒரே சோதனை போதும். ராத்திரி ஏரோப்ளேன் மோடில் போட்டுப் படுங்கள். காலையில் இரண்டு மூன்று சதவீதம் குறைந்திருந்தால் சரி. பத்துக்கு மேல் போயிருந்தால் அடுத்த ராத்திரி சேஃப் மோடில் அதே சோதனை. பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ படத்தை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். நீங்கள் இன்ஸ்டால் செய்த ஆப் எதுவும் அதில் ஓடாது. அதிலும் பத்துக்கு மேல் போனால் சர்வீஸ் சென்டர்தான்.

சார்ஜ் ஏற மணிக்கணக்காகிறது

பெட்டியில் கேபிள் மட்டும்தான் வரும், சார்ஜர் கிடையாது. எல்லாரும் வீட்டில் உள்ளதைச் செருகுவார்கள், சிக்கல் அங்கேதான். சார்ஜில் போட்டதும் லாக் ஸ்கிரீனில் என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள். ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்றால் 15 வாட் அளவு. ‘சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்றால் 25. அதன் பின்னால் 2.0 என்றும் வந்தால் 45. வெறும் ‘சார்ஜிங்’ மட்டும் வந்தால் ராத்திரி முழுக்க ஏறட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

“என் பழைய போனோடு வந்தது 80 வாட் சார்ஜர், இதில் ஏன் மெதுவாக ஏறுகிறது?” என்ற கேள்வி அடிக்கடி வரும். அந்த 80 வாட் அந்த பிராண்டின் சொந்த முறையில் மட்டும் கிடைப்பது. சாம்சங்குக்கு வேண்டியது யுஎஸ்பி பவர் டெலிவரியில் பிபிஎஸ் என்ற வசதி. 5,000 எம்ஏஎச் பேட்டரிக்குள் எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று போன் கேட்கும், சார்ஜர் நொடிக்கு நொடி அதற்கேற்ப மாற்றித் தரும். லேப்டாப் சார்ஜர் 65 வாட்டாக இருந்தாலும் பிபிஎஸ் இல்லாவிட்டால் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’கோடு நின்றுவிடும். வாங்கும்போது சார்ஜரின் பொடி எழுத்தில் பிபிஎஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 25 வாட்டுக்கு 3 ஆம்பியர் கேபிள் போதும், 45 வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள். என்னைக் கேட்டால் 25 வாட்டே தாராளம்; 45 வாட் வேகம் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பேட்டரி நிரம்ப நிரம்ப எல்லாம் ஒன்றாகிவிடும்.

எண்பதில் வந்து நின்றுவிடுகிறது என்றால் அது கோளாறு அல்ல, பேட்டரி புரொடெக்‌ஷன். பேட்டரி வயதைக் கூட்டுவதற்காக 80க்கு மேல் ஏற்றாமல் வைக்கும் வசதி. ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள்.

நீர்த்துளிப் படம் காட்டி சார்ஜ் ஏற மறுத்தால் போர்ட்டில் ஈரம். போனை நிமிர்த்தி, போர்ட் கீழே பார்க்கும்படி மெல்லத் தட்டுங்கள், ஃபேன் காற்றில் வைத்துவிடுங்கள். அவசரம் என்றால் வயர்லெஸ் சார்ஜர். அரிசி டப்பாவில் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூள் போர்ட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போன் தண்ணீர் தாங்கும் என்று சொல்லும் ஐபி68 தரம் என்பது நல்ல தண்ணீரில் ஒன்றரை மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற கணக்கு. மெரினா அலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் சார்ஜ்.

விரல் வைத்தால் திறக்கவில்லை

கண்ணாடி ஒட்டும் முன் திறந்தது, ஒட்டிய பிறகு திறக்கவில்லை. இதுதான் வழக்கமான கதை.

இந்தப் போனின் கைரேகை சென்சார் அல்ட்ராசோனிக் வகை. திரைக்கு அடியிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது ரேகையின் மேட்டிலும் பள்ளத்திலும் பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் போடும். இடையில் மெல்லிய காற்று அடுக்கு இருந்தால்கூட ஒலி அங்கேயே திரும்பிவிடும், விரல் வரை போகாது. ஓரத்தில் மட்டும் பசை உள்ள மலிவு டெம்பர்டு கிளாஸில் நடுவில் இருப்பது அந்தக் காற்றுதான். பழைய நடுத்தர விலைப் போனில் அதே மாதிரிக் கண்ணாடி ஒட்டிப் பிரச்சினையே வரவில்லை என்பீர்கள். அதில் இருந்தது ஆப்டிகல் சென்சார், வெளிச்சத்தில் படம் எடுப்பது; தெளிவான கண்ணாடி எதுவானாலும் அதற்குச் சம்மதம், கறுப்படித்த பிரைவசி கிளாஸ்தான் ஆகாது.

இதில் ஒரு பழைய சம்பவம் உண்டு. 2019 அக்டோபரில் கேலக்சி எஸ்10, நோட் 10 போன்களை யார் விரல் வைத்தாலும் திறக்கிறது என்று செய்தி வந்தது. சில சிலிகான் கவர்களின் உட்புறத்தில் இருந்த புள்ளி வடிவத்தையே சென்சார் கைரேகையாகப் பதிந்துகொண்டிருந்தது. விரலைப் பதியும்போதே கவர் திரை மேல் இருந்ததால், பதிவானது கவரின் வடிவம்! சாம்சங் பிறகு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. திரை மேல் எதை ஒட்டினாலும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முழுப் பரப்பும் ஒட்டும் ஃபிலிம் அல்லது அல்ட்ராசோனிக் சென்சாருக்கு என்றே விற்கும் கண்ணாடி வாங்குங்கள். ஒட்டிய பிறகு பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். மேஜையில் வைத்து நிதானமாகப் பதியாமல், நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் மாதிரி ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலின் ஓரமும் நுனியும் பதியும்படி செய்யுங்கள். அதே கட்டைவிரலை இன்னொரு விரல் போல இரண்டாம் தடவை பதிந்தால் இன்னும் தேவலை. டிஸ்பிளே செட்டிங்ஸில் டச் சென்சிட்டிவிட்டியை ஆன் செய்யுங்கள். கொத்து வேலை செய்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். அவர்களுக்கு மோதிர விரலைப் பதிந்து கொடுங்கள், அதுவும் சரிவராவிட்டால் பின் நம்பர்தான் நிம்மதி.

கடையில் யுவி பசை (புற ஊதா விளக்கில் காயும் திரவப் பசை) ஊற்றி ஒட்டித் தருகிறேன் என்பார்கள். கைரேகைக்கு அது நல்லதுதான். ஆனால் பசை வழிந்து மேலே உள்ள இயர்பீஸ் இடுக்கிலோ பட்டன் இடுக்கிலோ போய்க் காய்ந்தால் எடுக்கவே முடியாது. பக்கத்தில் நின்று, அந்த இடங்களை டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். இன்னொன்று, எஸ்24 அல்ட்ராவின் கொரில்லா ஆர்மர் கண்ணாடியின் பெருமையே வெளிச்சம் பிரதிபலிக்காததுதான். அதன் மேல் சாதாரணக் கண்ணாடியை ஒட்டினால் அந்தப் பெருமை போச்சு. நான் வெறும் திரையாகவே வைத்துக்கொள்ளும் கட்சி.

ஜிபே, போன்பே பதிவாகவில்லை, ஓடிபி வரவில்லை

யுபிஐ ஆப்புக்கு வெறும் பாஸ்வேர்டு போதாது. இந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்ய, அது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தானே அனுப்பும். அந்த எஸ்எம்எஸ் போகவில்லை என்றால் ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’. போகாததற்குக் காரணங்கள் சில.

இரண்டு சிம் இருந்தால், வங்கியில் கொடுத்த நம்பர் எந்த சிம்மோ அதையே தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். அந்த சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி உள்ள பிளான் இருக்க வேண்டும்; வரும் அழைப்புக்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கும் இரண்டாம் சிம்மில் பெரும்பாலும் இருக்காது. சந்தேகம் என்றால் அதிலிருந்து வீட்டில் யாருக்காவது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். போனால் சரி.

புதுப் போன் வாங்கிய ஜோரில் பழைய சிம்மை இ-சிம்மாக (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றினீர்களா? அல்லது சிம் கார்டையே மாற்றினீர்களா? அப்படியானால் 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. உங்கள் நம்பருக்கு வேறு யாராவது மாற்று சிம் வாங்கி (சிம் ஸ்வாப்) பணத்தைத் துடைத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கஸ்டமர் கேரிடம் சண்டை போட்டும் பிரயோஜனம் இல்லை, மறுநாள் தானே வரும். கல்யாணத்துக்கோ வாடகைக்கோ பணம் கட்ட வேண்டிய நாளில் மட்டும் சிம் மாற்றாதீர்கள்.

பதிவாகிவிட்டது, ஆனால் பெரிய தொகை போகவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. புதுப் போனில் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் 5,000 ரூபாய் வரைதான் யுபிஐயில் அனுமதிக்கின்றன.

வங்கியின் சொந்த ஆப் ‘உங்கள் சாதனம் பாதுகாப்பாக இல்லை’ என்று திறக்கவே மறுத்தால், செட்டிங்ஸில் ஆப் உருவாக்குகிறவர்களுக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போனிலிருந்து சேர்ந்தே வந்திருக்கும் ஆப்களில் திரையைப் பகிரும் ஆப் எதுவும் உண்டா, திரையில் உள்ளதைப் படிக்கவும் இயக்கவும் விடும் ஆக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கியது எது என்றும் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று போதும், வங்கி ஆப் முறைத்துக்கொள்ளும்.

எல்லா வங்கி ஆப்பும் புதியதில் ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழைய போனை ஃபார்மட் செய்து தம்பியிடம் கொடுத்துவிடாதீர்கள்.

சிக்னல் இருக்கிறது, கால் போகவில்லை. போனாலும் குரல் கேட்கவில்லை

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி வழியாகவே பேச வைக்கும் வோல்ட்இ அணைந்திருந்தால் இன்டர்நெட் பறக்கும், கால் போகாது. மொபைல் நெட்வொர்க்ஸில் அந்த சிம்முக்கு நேரே ‘வோல்ட்இ கால்ஸ்’ ஆனில் இருக்கட்டும். கால் இணைய வழக்கத்தைவிட நேரம் பிடித்தால் சில நாள் எல்டிஇக்கு மாற்றிப் பாருங்கள். கான்கிரீட் வீட்டின் உள் அறையில் மட்டும் தகராறு என்றால் வைஃபை காலிங்கை ஆன் செய்தால் போதும்.

எதிரில் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்கவில்லை என்றால் முதலில் வாய்ஸ் ரெக்கார்டரில் ஒரு நிமிடம் பேசிக் கேளுங்கள். தெளிவாக இருந்தால் கீழ் மைக் நன்றாக இருக்கிறது, குற்றவாளி நெட்வொர்க். அப்புறம் ஒரு வீடியோ எடுத்துக் கேளுங்கள், அதில் மற்ற மைக்குகளும் வேலை செய்யும். இரண்டில் ஒன்று மந்தமாக இருந்தால் கவர் எந்த ஓட்டையை மூடியிருக்கிறது என்று பாருங்கள். இந்தப் போனின் அடிப்பக்கத்தில் சிம் ட்ரே ஓட்டைக்குப் பக்கத்திலேயே மைக் ஓட்டையும் இருக்கிறது. சிம் போடும் அவசரத்தில் ஊசியை மைக் ஓட்டையில் குத்திவிடாதீர்கள். ட்ரேயின் கோடு உள்ள பக்கத்து ஓட்டைதான் சிம்முக்கு.

பேசும்போது கன்னம் பட்டு மியூட் ஆகிறது என்றால் காதருகே போனதும் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரை மேல் ஓரத்துக் கண்ணாடி குழப்பியிருக்கலாம்.

வாட்ஸ்அப் செய்தி, ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது

பேட்டரி பக்கத்தில் ஸ்லீப்பிங் ஆப்ஸ், டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று இரண்டு பட்டியல் இருக்கும். நீங்கள் அடிக்கடி தொடாத ஆப்களை போன் அதில் போட்டுத் தூங்கவைக்கும். வாட்ஸ்அப், அலுவலக மெயில், வங்கி, பள்ளி ஆப் எதுவும் அதில் இருந்தால் வெளியே எடுத்து, ‘நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங்’ பட்டியலில் சேருங்கள். ஆண்ட்ராய்டு 13லிருந்து ஒவ்வொரு ஆப்பும் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கும். முதல் நாள் வரிசையாக வந்த கேள்விகளில் எரிச்சலில் ‘டோன்ட் அலவ்’ தட்டியிருக்கலாம். அதையும் பாருங்கள்.

படம் நன்றாக வரவில்லை

இந்த விலைக்கு இதுதான் பெரிய ஏமாற்றமாகப் பேசப்படும். லென்ஸைத் துடைத்துவிட்டீர்கள்தானே? சரி.

200 மெகாபிக்சல் என்று விளம்பரம், படமோ 12 மெகாபிக்சல்தான் என்பது குறை அல்ல. பதினாறு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் குறைந்த வெளிச்சத்தில் படத்தைத் தேற்றுகிறது. நல்ல வெயிலில் கோபுரச் சிற்பம் எடுக்கும்போது மட்டும் 200க்குப் போங்கள், மற்ற நேரம் வேண்டாம்.

குழந்தை அசைந்தால் படம் கலங்குகிறது என்றால் கேலக்சி ஸ்டோரில் கேமரா அசிஸ்டன்ட் என்ற சாம்சங்கின் சொந்த ஆப்பை இறக்குங்கள். அதில் ‘குவிக் டேப் ஷட்டர்’ ஆன் செய்தால் விரல் பட்ட கணமே படம் எடுக்கும், விரலை எடுக்கும் வரை காத்திருக்காது. தரத்தைவிட வேகத்துக்கு முன்னுரிமை தரும் தேர்வும் அங்கேயே உண்டு. வீட்டு வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எந்த போனும் முழுசாக நிறுத்தாது. ஒரு லைட்டைக் கூடப் போடுங்கள்.

ரேஷன் கார்டையோ மருந்துச் சீட்டையோ கிட்டே வைத்து எடுத்தால் நடுவில் மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல் என்றால் பெரிய சென்சாரின் இயல்பு அது. ஒரு முழம் தள்ளிப் பிடித்து 2எக்ஸில் எடுங்கள்.

மண்டபத்து வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும், நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேம் எடுக்கும் வீடியோ அதோடு ஒத்துப்போகாது. கேமராவின் ப்ரோ வீடியோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைத்திருந்தால் அதன் துடிப்பு வேறு, அதற்கு இது முழு மருந்தாகாது; கோணத்தை மாற்றுங்கள். அரக்குப் பட்டுப் புடவை வெறும் சிவப்புத் திட்டாக வந்தால் புடவையைத் தட்டி, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஜரிகை இழை இழையாகத் தெரியும்.

சில்லறைத் தொல்லைகள்

திரை நிறம் வெளிறித் தெரிகிறது என்று எஸ்24 வெளியான புதிதில் பலர் குறைபட்டார்கள். பிறகு வந்த அப்டேட்டில் விவிட்னெஸ் என்று ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். டிஸ்பிளேயில் ஸ்கிரீன் மோட், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். திரையின் ரெசல்யூஷன் எஃப்எச்டி பிளஸில்தான் வரும், அதைவிடக் கூர்மையான கியூஎச்டி பிளஸ் வேண்டுமானால் நீங்களே மாற்ற வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தினால் உதவியாளர் வந்து நிற்கிறதா? செட்டிங்ஸில் ‘சைட் கீ’ என்று தேடி, அழுத்திப் பிடித்தால் பவர் மெனு என்று மாற்றுங்கள்.

போனுக்குள் செருகி வரும் எஸ் பென் பேனா திரையில் ஒரு இடத்தில் மட்டும் எழுத மறுத்தால், மேப்ஸில் நீல அம்பு எதிர்த்திசையைக் காட்டினால், இரண்டுக்கும் காந்த வளையம் வைத்த கவரோ கார் ஹோல்டரோதான் காரணமாக இருக்கும். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பழைய ஹெட்போனுக்கு வாங்கிய சி-டைப் கன்வர்ட்டரில் பாட்டு வரவில்லை என்றால், அதற்குள் ஒலியை மாற்றும் சிப் இல்லை. டிஏசி என்ற அந்த சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜிமெயிலுக்குத் திடீரென மெயில் வருவது நின்றுவிட்டதா? 2024லிருந்து ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளின் 15 ஜிபி இலவச இடத்தில் சேர்கிறது. குடும்ப குரூப்பின் காலை வணக்க வீடியோக்களே அதை நிரப்பப் போதும். பேக்கப்பில் வீடியோவை நீக்குங்கள்.

திரை முழுக்க விளம்பரம் குதித்தால் உடனே மூடாதீர்கள். ரீசன்ட்ஸ் பட்டனைத் தட்டினால் அந்த விளம்பரம் எந்த ஆப்புக்குச் சொந்தம் என்று அதன் படம் காட்டிக்கொடுக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்தால் முடிந்தது.

யாரோ அனுப்பிய ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் ஆப்) இன்ஸ்டால் ஆகவில்லை என்றால், அப்படிப்பட்டதைத் தடுக்கும் சாம்சங்கின் ஆட்டோ பிளாக்கர் தன் வேலையைச் செய்கிறது. ‘கல்யாணப் பத்திரிகை’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பத்திரிகையே அல்ல. எஸ்எம்எஸ் படித்து ஓடிபி திருடும் சரக்கு. அதற்காக பிளாக்கரை அணைக்காதீர்கள். ஏற்கெனவே போட்டுப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

இது நிஜமாகவே பழுதுதான் என்று எப்போது முடிவு செய்வது

வாங்கிய அன்றே டயலரில் *#0*# அடியுங்கள். சாம்சங்கின் சோதனை மெனு வரும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தட்டி, முழுத் திரையில் கோடோ கறுப்புப் புள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். டச் சோதனையில் எல்லாக் கட்டங்களையும் விரலால் நிரப்புங்கள். ஒரு கட்டம் நிரம்பாவிட்டாலும் அது உங்கள் விரலின் குற்றம் அல்ல. இயர்பீஸ், வைப்ரேஷன், சென்சார் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடலாம்.

போனை ஆட்டினால் கேமரா பக்கத்தில் கடகடவென்று சத்தம் வருவது பழுது அல்ல. கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸ் மிதந்தபடி இருக்கிறது. கேமரா ஆப்பைத் திறந்துவிட்டு ஆட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். திறந்த பிறகும் படம் தானாக நடுங்கினால், ரீங்காரம் கேட்டால், அது பழுது. பைக் ஹேண்டில்பாரில் அதிர்வு தாங்கும் ஹோல்டர் இல்லாமல் போனை மாட்டுகிறவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ விழுந்தால் எந்த செட்டிங்கும், எந்த ரீசெட்டும் உதவாது. பேனல் மாற்ற வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் பாருங்கள். கோடு அதில் தெரியாவிட்டால் பேனல்தான் என்று உறுதி. அந்தப் படத்தையும், கோடு தெரியும்படி இன்னொரு போனில் எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டு போனால் சர்வீஸ் சென்டரில் பேச்சு சுருக்கமாக முடியும்.

கொடுக்கும் முன் பேக்கப் எடுத்துவிட்டு, டிவைஸ் கேரில் மெயின்டனன்ஸ் மோடை ஆன் செய்யுங்கள். படம், செய்தி, கணக்கு எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, போனின் பாகங்களை மட்டும் சோதிக்க முடியும். அன்லாக் பின்னை எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் வராது. *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். KYM என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த மாடலுக்கு உரியது, முடக்கப்பட்டதா இல்லையா என்று பதில் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைக் காசு கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.